ஓடப்போகும் குதிரைக்கு லேசிக்ஸ் ஊசி: சரியா, தவறா?

லூயிவில்வாசி:

இந்த ஊரில் மே மாதத்து முதல் சனிக்கிழமை கென்டக்கி டெர்பி. குதிரையைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கூட அன்றைக்கு இரண்டு டாலர் கட்டுவார். நான் கேட்க வந்தது டெர்பியைப் பற்றி அல்ல, மற்ற நாட்களைப் பற்றி. சாதாரண வெள்ளிக்கிழமை ஒன்றில், டெர்பி நடக்கும் அதே சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்துக்குப் போய் ரேஸ் புக்கைப் பிரித்தால், பெரும்பாலான குதிரைகளின் பெயருக்குப் பக்கத்தில் 'எல்' என்று ஓர் எழுத்து நிற்கிறது. எல் என்றால் லேசிக்ஸ். நம் வீட்டில் இதய நோயாளிகளுக்கும் கால் வீங்கிய பெரியவர்களுக்கும் எழுதித் தருவார்களே, சிறுநீர் நன்றாகப் பிரிவதற்கு, அதே மருந்து. பந்தயத்துக்கு நான்கு மணி நேரம் முன்னால் ஊசியாகப் போடுகிறார்கள். எல்லாம் சட்டப்படிதான்.

ஆனால் டெர்பியில் ஓடும் குதிரைக்கு 2021 முதல் அது தடை. பெரிய பரிசுப் பந்தயங்களிலும், இரண்டு வயதுக் குதிரைகளுக்கும் தடை. மற்றவற்றில் அனுமதி. ஒரே மைதானம், ஒரே மண். சின்னப் பந்தயத்தில் வைத்தியம், பெரிய பந்தயத்தில் குற்றம் என்றால் இந்த விதி காப்பாற்றுவது குதிரையையா, டெர்பியின் பெயரையா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குளம்படி:

கால்நடை மருத்துவர் என்ற முறையில் சொல்கிறேன். முதலில் ஊசி எதற்கு என்று தெரிந்துகொண்டு பிறகு சண்டை போடலாம்.

முழு வேகத்தில் ஓடும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 220 முறைக்கு மேல் துடிக்கிறது. அவ்வளவு ரத்தத்தையும் நுரையீரல் வழியாகத் தள்ளும்போது அங்கே அழுத்தம் தாறுமாறாக ஏறும். மெல்லிய ரத்தக்குழாய்கள் தாங்காமல் வெடித்து, காற்றறைக்குள் ரத்தம் கசியும். இது ஏதோ சில சீக்காளிக் குதிரைகளுக்கு வருவதில்லை. பந்தயம் முடிந்ததும் எண்டோஸ்கோப் (கேமரா வைத்த குழாய்) விட்டுப் பார்த்தால் பாதிக்கும் மேற்பட்ட குதிரைகளில் கொஞ்சமாவது ரத்தம் தெரியும். மூக்கு வழியாக வெளியே வழிவது மிகச் சிலவற்றில்தான். மற்றவை உள்ளேயே கசிந்து அடங்கிவிடும், கேலரியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது.

லேசிக்ஸ் உடம்பில் உள்ள நீரை வெளியேற்றி ரத்தத்தின் கன அளவைக் குறைக்கிறது. அதனால் நுரையீரலில் அழுத்தம் குறைகிறது. வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. தென்னாப்பிரிக்காவில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில் 167 குதிரைகளை ஒரு முறை லேசிக்ஸ் போட்டும் ஒரு முறை வெறும் உப்புநீர் போட்டும் ஓடவிட்டார்கள். எதில் எது என்று பரிசோதித்தவர்களுக்குத் தெரியாது. உப்புநீரில் ரத்தம் கசிந்த குதிரைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு, லேசிக்ஸ் போட்டபோது கசிவு ஒரு படியாவது குறைந்திருந்தது. அதுவரை 'இந்த மருந்து சும்மா' என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அதற்கப்புறம் அந்த வாதத்தை விட்டுவிட்டார்கள்.

கிண்டி கேலரி:

டாக்டர் சார், நுரையீரல் சரி. எடையைப் பற்றி ஏன் பேசவில்லை?

அந்த ஊசிக்கப்புறம் குதிரை சிறுநீராகக் கழிப்பது மட்டும் பத்துப் பதினைந்து கிலோ வரும் என்று நீங்களே வேறு இழையில் எழுதியிருக்கிறீர்கள். குதிரையின் திறமைக்கேற்ப எடை ஏற்றும் ஹேண்டிகேப் பந்தயத்தில் ஒரு கிலோ கூடக் குறைய இருந்தாலே நாங்கள் ரேஸ் புக்கை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்வோம். இங்கே பதினைந்து கிலோவை வாளியில் பிடித்து ஊற்றிவிட்டு 'இது வைத்தியம்' என்றால் எப்படி? 1999இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவிலும் கனடாவிலும் ஓடிய 22,000க்கும் மேற்பட்ட குதிரைகளை எடுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய நான்கில் மூன்று லேசிக்ஸில் ஓடியவை. அவை வேகமாக ஓடின, அதிகம் வென்றன, அதிகம் சம்பாதித்தன. இதை ஊக்கமருந்து என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

குளம்படி:

> நுரையீரல் சரி. எடையைப் பற்றி ஏன் பேசவில்லை?

பேசுகிறேன். ரத்தம் கசியும் குதிரை மெதுவாக ஓடும். கசிவைக் குறைத்தால் தன் இயல்பான வேகத்துக்குத் திரும்பும். அந்த ஆய்வில் தெரிந்த வேகத்தில் எவ்வளவு எடை குறைந்ததால், எவ்வளவு மூச்சு சரியானதால் என்று பிரிக்க முடியாது. இரண்டும் கலந்துதான் இருக்கும். எடைப் பங்கு பூஜ்யம் என்று நான் சொல்லமாட்டேன்.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஊசியைத் தடை செய்தால் சில டிரெய்னர்கள் பழைய வழிக்குப் போவார்கள்: முந்தின நாளே வைக்கோலைக் குறைப்பது, தண்ணீர் காட்டாமல் கட்டிப்போடுவது. அதுவும் உடல் நீரைக் குறைக்கிற வேலைதான். அதற்கு எந்த ஆய்வகத்திலும் பரிசோதனை கிடையாது.

பிகோகிராம்:

ஆய்வகப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. மனித விளையாட்டு வீரர்களுக்கு லேசிக்ஸ் தடை. எடைக்காக மட்டும் அல்ல. சிறுநீரை நீர்க்கச் செய்து மற்ற மருந்துகளை மறைக்கும் என்பதால். குதிரையில் இப்போது ரத்தத்திலும் பார்க்கிறார்கள், கருவிகளும் எங்கேயோ போய்விட்டன, அதனால் இந்த வாதத்துக்கு முன்பு இருந்த பலம் இல்லை. ஆனால் நியூயார்க் 1995 வரை அனுமதி தராமல் இழுத்தடித்ததற்கு இந்தச் சந்தேகங்களும் காரணம்.

பசும்புல்:

நீங்கள் எல்லோரும் எவ்வளவு மருந்து, எத்தனை மணி நேரம் என்று பேசுகிறீர்கள். ஓடினால் நுரையீரல் கிழிகிறது என்று டாக்டரே சொல்கிறார். அப்படியானால் ஓட்டாதீர்கள். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

கலிபோர்னியாவின் சாண்டா அனிட்டா மைதானத்தில் 2018 டிசம்பர் கடைசியிலிருந்து 2019 ஜூன் வரை ஒரே சீசனில் 30 குதிரைகள் செத்தன. 2023இல் டெர்பியை ஒட்டிய வாரங்களில் சர்ச்சில் டவுன்ஸில் 12. அந்த மைதானத்தை மூடிவிட்டுப் பந்தயங்களை எல்லிஸ் பார்க்குக்கு மாற்றவேண்டி வந்தது. பணம் கட்டுகிறவர்களுக்கு இது 'மருந்துக் கொள்கை'. குதிரைக்கு?

கிண்டி கேலரி:

வந்துவிட்டார்.

நெறியாளர்:

ஆளைப் பற்றி வேண்டாம், கருத்தைப் பற்றி எழுதுங்கள். பந்தயமே வேண்டுமா என்பதற்குத் தனி இழை இருக்கிறது. இங்கே மருந்து.

குளம்படி:

பசும்புல் சொன்னதில் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்த 30 குதிரைகளில் பெரும்பாலானவை செத்தது நுரையீரல் கசிவால் அல்ல, கால் முறிந்து. சாண்டா அனிட்டாவில் கூச்சல் எழுந்ததும் நிர்வாகம் முதலில் கை வைத்தது லேசிக்ஸில், அளவைப் பாதியாக்கினார்கள். செய்திக்கு நன்றாக இருந்தது. கால் எலும்புக்கும் லேசிக்ஸுக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக யாரும் நிரூபிக்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் கொட்டிய மழையில் மண் தளம் கெட்டதையும், விரிசல் விட்ட எலும்போடு குதிரைகள் ஓடியதையும் அல்லவா முதலில் பார்க்க வேண்டும்?

நான் பயப்படும் மருந்துகள் வேறு. வலியை மறைக்கிறவை. பியூட் என்று லாயங்களில் சொல்லும் ஃபீனைல்பியூட்டசோன், மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசிகள், இவை. முழங்காலிலோ கணுவிலோ சின்ன விரிசல் இருக்கும்போது குதிரை நொண்டும். அது நொண்டினால்தான் பந்தயத்துக்கு முந்தின பரிசோதனையில் மருத்துவர் கண்ணில் படும். வலியை அடக்கிவிட்டால் நேராக நடந்து காட்டும், மைதானத்துக்குப் போகும், 60 கிலோமீட்டர் வேகத்தில் அரை டன் எடையை அந்த ஒரே காலில் இறக்கும். அதன் முதுகில் ஒரு ஜாக்கியும் இருக்கிறார் என்பதைப் பணம் கட்டுகிறவர்களும் மறந்துவிடுகிறார்கள், விலங்கு நேசர்களும் மறந்துவிடுகிறார்கள்.

எலும்புக்கான பிஸ்பாஸ்பனேட் மருந்துகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2014இல் அமெரிக்காவில் நான்கு வயதும் அதற்கு மேலும் ஆன குதிரைகளின் குளம்பு எலும்பு நோய்க்கு அனுமதித்தார்கள். அதை இளம் குதிரைகளுக்கும் போட்டதாகப் பேச்சு எழுந்தது. வளரும் எலும்பு தன்னைத்தானே உடைத்துக் கட்டிக்கொண்டுதான் பலம் பெறும். இந்த மருந்து அந்த உடைக்கும் வேலையை நிறுத்திவிடும். எக்ஸ்ரேயில் அழகாகத் தெரியும், விற்பனை ஏலத்தில் நல்ல விலையும் போகும். இப்போது பந்தயக் குதிரைகளுக்கு அதைத் தடை செய்துவிட்டார்கள், நல்லது.

லூயிவில்வாசி:

பியூட் என்றதும் இங்கே எல்லோரும் சொல்வது 1968 டெர்பி. டான்சர்ஸ் இமேஜ் முதலில் வந்தது, பரிசோதனையில் பியூட் தெரிந்தது, ஃபார்வர்ட் பாஸுக்குப் போனது பரிசு. உரிமையாளர் பீட்டர் ஃபுல்லர் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தினார், ஜெயிக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால் அதற்குச் சில ஆண்டுகளிலேயே அதே கென்டக்கியில் பியூட் அனுமதிக்கப்பட்டது.

பிகோகிராம்:

2021 கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் புனைபெயரே அதிலிருந்து வந்தது.

மெடினா ஸ்பிரிட் டெர்பியில் முதலில் வந்தது. ரத்தத்தில் பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, ஒரு மில்லிலிட்டருக்கு 21 பிகோகிராம். கிராமில் ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்குதான் பிகோகிராம். டிரெய்னர் பாப் பாஃபர்ட் முதலில் அந்த மருந்தையே கொடுக்கவில்லை என்றார். அப்புறம் தோல் அரிப்புக்குப் பூசிய களிம்பில் அது இருந்தது என்று விளக்கம் வந்தது. மூட்டில் போடும் ஊசியிலும் தோலில் பூசும் களிம்பிலும் அந்த மருந்தின் வேதிவடிவம் வேறு வேறு. சிறுநீரைத் தனியாகப் பரிசோதித்ததில் களிம்பு வடிவம்தான் தெரிந்தது என்று அவர் தரப்பு வாதாடியது. கென்டக்கி பந்தய ஆணையம் கேட்டது ஒரே கேள்வி: பந்தய நாளில் உடம்பில் இருந்ததா, இல்லையா? 2022 பிப்ரவரியில் முதல் இடம் பறிபோய், மாண்டலூன் வெற்றி பெற்றதாக அறிவித்தார்கள். குதிரை அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 2021 டிசம்பர் 6 அன்று சாண்டா அனிட்டாவில் பயிற்சி ஓட்டத்துக்குப் பின் விழுந்து இறந்துபோயிருந்தது.

21 பிகோகிராம் குதிரையை வேகமாக ஓட்டாது. ஆனால் அந்த எண்ணை வைத்து 'இத்தனூண்டு' என்று கேலி செய்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். இன்று 21 இருப்பது, பத்து நாளைக்கு முன் மூட்டில் போட்டதன் மிச்சமாகவும் இருக்கலாம். ஊசிக்கும் பந்தயத்துக்கும் நடுவே இத்தனை நாள் இடைவெளி என்று விதி வைத்திருப்பதே அதனால்தான். இப்போது மூட்டு ஊசி போட்டால் 14 நாள் ஓடக்கூடாது. அந்தப் பதினான்கு நாள் தண்டனை அல்ல, வலி திரும்ப வருகிறதா என்று பார்ப்பதற்கான அவகாசம்.

மறுபக்கமும் இருக்கிறது. 2014இல் பிரிட்டன் அரசியின் குதிரை எஸ்டிமேட், ஆஸ்காட் கோல்டு கப்பில் இரண்டாவது வந்தது. பரிசோதனையில் மார்ஃபின். தீவனத்தில் கசகசாச் செடியின் எச்சம் கலந்திருந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்று தெரிந்தும் இடத்தைப் பறித்தார்கள். எனக்கு அது சரியென்றே படுகிறது. டிரெய்னருக்குத் தண்டனை வேறு, முடிவு வேறு.

கிண்டி கேலரி:

அந்த 2021 டெர்பியில் பணம் கட்டியவன் கதை தெரியுமா? மெடினா ஸ்பிரிட்டில் 2 டாலர் கட்டியவனுக்கு 26.20 கொடுத்தாகிவிட்டது, திரும்பக் கேட்கவில்லை. மாண்டலூனில் 26க்கு 1 என்று கட்டியவன் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனான். ஒன்பது மாதம் கழித்து 'உன் குதிரைதான் ஜெயித்தது' என்றார்கள். காசு? கிடையாது. உரிமையாளருக்குப் பரிசு மாறும், பணம் கட்டிய பன்டருக்கு மாறாது.

1996இல் நம் உச்ச நீதிமன்றம், சென்னைப் பந்தய வழக்கில், குதிரைப் பந்தயம் திறமை விளையாட்டு, சூதாட்டம் அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. வம்சம், பழைய ஓட்டங்கள், ஜாக்கி, எடை எல்லாவற்றையும் படித்துக் கணிக்கிறவன் திறமைக்காரன் என்பது அதன் சாரம். நான் அதை முழுசாக ஏற்கிறேன். ஆனால் போன வாரம் எந்த மூட்டில் என்ன ஊசி போட்டார்கள் என்பது மறைவாக இருந்தால், நான் எதைப் படித்துக் கணிப்பது? இந்த விஷயத்தில் அமெரிக்காக்காரன் 'எல்' என்று அச்சடித்துக் காட்டுவதே பெரிய நேர்மை என்பேன்.

ஷாட்டின் வாசல்:

ஹாங்காங்கில் இருக்கிறேன், இத்தனை நேரம் படித்துக்கொண்டிருந்தேன். கிண்டி கேலரி அண்ணன் கேட்டது இங்கே நடக்கிறது.

இங்கே எல்லாக் குதிரைகளும் பந்தயத்தை நடத்தும் ஜாக்கி கிளப்பின் லாயங்களில்தான், ஷாட்டினிலும் சீனாவுக்குள் இருக்கும் சொங்ஹுவாவிலும். வெளி மருத்துவர் யாரும் ஊசியோடு உள்ளே வர முடியாது. கிளப் சம்பளம் கொடுக்கும் மருத்துவர்கள் மட்டும். குதிரைக்கு என்ன கோளாறு வந்தது, எந்த தேதியில் என்பதை இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். பணம் கட்டுகிறவர் டிராமில் உட்கார்ந்து படிக்கலாம். பந்தய நாளில் லேசிக்ஸ் கிடையாது. மூக்கில் இரண்டாவது முறை ரத்தம் வந்தால் கட்டாய ஓய்வு, அதற்குப் பின் பந்தயமே இல்லை. ஆஸ்திரேலியாவிலும் இரண்டாம் முறைக்கு வாழ்நாள் தடைதான்.

உலகம் முழுக்க இப்படி நடக்கும்போது அமெரிக்கக் குதிரைக்கு மட்டும் ஊசி இல்லாமல் ஓட முடியாதா?

குளம்படி:

ஹாங்காங்கில் மொத்தமே ஆயிரத்துச் சொச்சம் குதிரைகள், ஒரே முதலாளி, அளவற்ற பணம். அதை எடுத்து ஐம்பது மாநிலம், ஆயிரக்கணக்கான தனி டிரெய்னர்கள் இருக்கும் நாட்டில் பொருத்துவது லேசல்ல. அப்புறம், மூக்கில் வந்தால்தான் உங்கள் விதி எண்ணும். உள்ளே கசிவது எண்ணிக்கையில் வராது. ஊசி இல்லாததால் கசிவு இல்லை என்று ஆகாது. பார்க்காததால் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கட்டாய ஓய்வு கொடுத்த குதிரை எங்கே போகிறது என்றும் கேட்க வேண்டும். 2019இல் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி ஏபிசி, பந்தயத்திலிருந்து விலக்கிய குதிரைகள் குயின்ஸ்லாந்தில் ஒரு கசாப்புக்கூடத்துக்குப் போவதைப் படம்பிடித்துக் காட்டியது.

பசும்புல்:

இந்த ஒன்றில் டாக்டரும் நானும் ஒரே பக்கம். குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஷாட்டின் வாசல்:

ஒரே முதலாளி என்பது உண்மைதான். ஆனால் கேள்வி பணம் அல்ல. அமெரிக்காவில் ஊசி போடும் மருத்துவருக்குக் காசு கொடுப்பது குதிரைக்காரர். 'இதை ஓடவிடாதே' என்று சொல்லும் மருத்துவர் அடுத்த மாதம் அந்த லாயத்துக்குக் கூப்பிடப்படுவாரா? இங்கே அவர் பயப்பட வேண்டியதில்லை.

குளம்படி:

இதற்கு என்னிடம் பதில் இல்லை. சரியான இடத்தில் அடித்தீர்கள்.

பிகோகிராம்:

பயப்படாத மருத்துவரும் வேண்டாம் போலிருக்கிறது, 2020 மார்ச்சில் அமெரிக்க அரசு போட்ட வழக்கைப் பார்த்தால். டிரெய்னர்கள், மருத்துவர்கள், மருந்து விற்றவர்கள் என்று 27 பேர். பரிசோதனையில் சிக்காதபடி தயாரித்த சரக்கு. ஹார்ஹே நவாரோவுக்கு ஐந்து ஆண்டு, ஜேசன் சர்விஸுக்கு நான்கு ஆண்டு சிறை. சர்விஸின் மாக்சிமம் செக்யூரிட்டி 2020 பிப்ரவரியில் சவுதி கோப்பையை வென்றது, முதல் பரிசு ஒரு கோடி டாலர். பணத்தைக் கொடுக்காமல் நிறுத்திவைத்து, 2024இல் இரண்டாவதாக வந்த மிட்நைட் பிசூவை வெற்றிக் குதிரை என்று அறிவித்தார்கள். இவர்களைப் பிடித்தது ஆய்வகம் அல்ல, தொலைபேசி ஒட்டுக்கேட்பு. என் தொழிலுக்கு அவமானம்தான்.

கிண்டி கேலரி:

அமெரிக்காவோடு நிறுத்தாதீர்கள். 2013இல் நியூமார்க்கெட்டில், 'சுத்தமான' பிரிட்டனில், துபாய் ஷேக்கின் கோடோல்ஃபின் லாயத்து டிரெய்னர் மஹ்மூத் அல் சரூனி தசையை வளர்க்கும் அனபாலிக் ஸ்டீராய்டு கொடுத்து எட்டு ஆண்டு தடை வாங்கினார். முந்தின ஆண்டு செயின்ட் லெஜர் ஜெயித்த என்கியிடமும் அப்புறம் அது தெரிந்தது.

லூயிவில்வாசி:

இழையைத் தொடங்கியவன் என்ற முறையில் என் கேள்விக்குத் திரும்புகிறேன். ஏன் பெரிய பந்தயத்தில் மட்டும் தடை?

2020 டிசம்பரில் வந்த சட்டத்தில் ஹிசா என்ற தேசிய ஆணையம் உருவானது. மருந்து விதிகள் நடைமுறைக்கு வந்தது 2023 மே மாதம். பந்தயத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் எந்த மருந்தும் கூடாது. லேசிக்ஸுக்கு மட்டும், சாதாரணப் பந்தயங்களில், ஆய்வு முடியும் வரை என்று அப்போது விலக்கு கொடுத்தார்கள். குதிரைக்காரர்கள் அவ்வளவு அழுத்தம் கொடுத்தார்கள்.

என் பார்வை இது. டெர்பிக் குதிரை ஆண்டுக்கு ஐந்தாறு முறை ஓடும், ஜெயித்தால் வம்சவிருத்திக்குப் போய்விடும். அதற்கு ஊசி இல்லாமல் ஓய்வு கொடுக்கும் வசதி உரிமையாளருக்கு இருக்கிறது. 5,000 டாலர் கிளெய்மிங் குதிரைக்கு அது கிடையாது. அந்தப் பந்தயத்தில் ஓடும் எந்தக் குதிரையையும் அந்த விலை கொடுத்து வேறொருவர் வாங்கிக்கொண்டு போகலாம். இன்றைக்கு உன்னிடம், நாளைக்கு யாரிடமோ. அடுத்த மாதம் எப்படி இருக்கும் என்று கவலைப்பட யாருக்கும் காரணமில்லை, இன்றைக்கு ஓடினால் சரி. ஊசி அதிகம் தேவைப்படுவதும், தவறாகப் போவதும் அங்கேதான். எனவே தடையைக் கீழிருந்து தொடங்கியிருக்க வேண்டும், அல்லது கீழே உள்ள குதிரைக்கு ஓய்வுக் காலத்தை விதியாக்கியிருக்க வேண்டும். மேலே தடை போட்டால் தொலைக்காட்சியில் தெரியும். கீழே போட்டால் பந்தயத்துக்குக் குதிரை கிடைக்காது.

ஹிசா செய்த ஒன்று எனக்குப் பிடித்தது: குதிரை கைமாறும்போது மருத்துவக் குறிப்புகளும் கூடவே புது டிரெய்னருக்குப் போக வேண்டும். முன்பெல்லாம் போன வாரம் மூட்டில் ஊசி போட்டது தெரியாமலே அடுத்தவரும் ஒன்று போடுவார்.

குளம்படி:

எண்களையும் பார்த்துவிடுவோம். 2009இல் அமெரிக்காவில் 1,000 ஓட்டத்துக்கு 2 குதிரைகள் செத்தன. 2023இல் ஹிசா மைதானங்களில் 1.23. 2024இல் 0.90. இந்தக் காலம் முழுக்கப் பெரும்பாலான பந்தயங்களில் லேசிக்ஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எடுத்தது மற்ற மருந்துகளை, கூட்டியது மருத்துவப் பரிசோதனையை.

பசும்புல்:

0.90 என்பதும் செத்த குதிரைதான், டாக்டர்.

குளம்படி:

ஆம். 0.90 பூஜ்யம் என்று நான் சொல்லவில்லை. எங்கே கை வைத்தால் குறைகிறது என்று சொன்னேன்.

கிண்டி கேலரி:

அப்படியானால் லேசிக்ஸைக் கீழே விட்டுவிடலாம் என்கிறீர்களா?

குளம்படி:

விடலாம், ஆனால் சும்மா அல்ல. எண்டோஸ்கோப்பில் ரத்தம் பார்த்ததாக எழுத்தில் இருக்கும் குதிரைக்கு மட்டும், இத்தனை நாள் ஓய்வு முடிந்த பிறகு மட்டும். இப்போது எதிரி போடுகிறான் என்பதற்காக எல்லோரும் போடுகிறார்கள். கசியாத குதிரைக்கும் போடுகிறார்கள் என்றால் அங்கே அது மருந்து இல்லை, கிண்டி கேலரி சொன்ன அந்தப் பதினைந்து கிலோதான்.

கிண்டி கேலரி:

இதற்கு நான் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் எண்டோஸ்கோப் செலவை யார் தருவது? 5,000 டாலர் குதிரைக்காரன் தரமாட்டான்.

லூயிவில்வாசி:

நாங்கள் கட்டும் பந்தயப் பணத்திலிருந்து ஒரு பங்கு எடுக்கட்டும். ஏற்கெனவே நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருகிறார்கள்.